ராத்திரி பேச வேண்டியத பகல்ல பேசுங்க

போன மாசம் ஒரு வாசகிக்கு எழுதின நாலு வரி பதில்ல "புருஷன் பொண்டாட்டி நெருக்கம்"னு ஒரு வார்த்தை போட்டேன், அவ்ளோதான், மெயில் வந்து குவிஞ்சிருச்சு. எல்லா லெட்டரும் "பேர் போடாதீங்க"ன்னு தான் ஆரம்பிக்குது. போடல. ஊர் மட்டும்தான், அதுவும் சிலருக்கு பக்கத்து ஊரா மாத்தியிருக்கேன். படிச்சப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, தனக்கு என்ன வேணும்னு யாருமே எழுதல. "அது", "அந்த விஷயம்", "அப்படி இப்படி", இப்படித்தான் ஓடுது. ஒரு அண்ணன் மட்டும் கல்யாண வாழ்த்து மடல் மாதிரி "அன்யோன்யம்"னு எழுதியிருக்கார். சாம்பார்ல உப்பு கம்மின்னா சொல்லத் தெரியுது, பத்து நிமிஷம் பக்கத்துல வந்து உக்காருன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. சரி, லெட்டருக்கு போவோம்.

பெயர் வேண்டாம், திருப்பூர்

அக்கா, எனக்கு 34 வயசுங்க. கல்யாணமாகி 9 வருஷம், பையன் ரெண்டாங்கிளாஸ். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், அவரு பிரிண்டிங் யூனிட் வெச்சிருக்காரு. நல்ல மனுஷன், குடி கிடி எதுவும் இல்ல. ஆனா என்னைய தொடறாருன்னா அது அதுக்கு மட்டும்தானுங்க. டிவி பாக்கறப்ப சும்மா தோள்ல சாஞ்சா கூட சிக்னல்னு எடுத்துக்கறாரு, அன்னைக்கு எனக்கு முடியலைன்னா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி படுத்துக்கறாரு. அதனால இப்பல்லாம் நான் சாயறதே இல்ல. வண்டியில போறப்ப கூட அவரு தோள்ல கை வைக்காம பின்னாடி கம்பிய புடிச்சுக்கறேன். எனக்கு ஆசையே விட்டுப் போயிருச்சோன்னு பயமா இருக்குங்க அக்கா.

தங்கச்சி, ஆசையெல்லாம் எங்கயும் போகல. ஆசை விட்டுப்போனவ வண்டிக் கம்பிய நினைச்சு வருத்தப்பட்டு லெட்டர் எழுதிட்டு இருக்க மாட்டா.

உனக்கு வேண்டியது ஒண்ணு இருக்கு, சும்மா சாயறது, தலைய கோதறது, போற போக்குல முதுகுல ஒரு தட்டு, எதுக்காகவும் இல்லாம. அவரு கேக்கறது இன்னொண்ணு. உன் வீட்ல இந்த ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச்ல கனெக்‌ஷன் குடுத்து வெச்சிருக்கு, ஃபேன் போட்டா லைட்டும் சேர்ந்து எரியுது. லைட் வேணாம்ங்கறதுக்காக நீ ஃபேனையும் போடாம புழுங்கிட்டு உக்காந்திருக்க.

அவரு பக்கமும் கொஞ்சம் பாக்கணும். நம்ம வீடுகள்ல பையனுக்கு பத்து வயசு தாண்டுனா கட்டிப்புடிக்க ஆளே கிடையாது, "எருமை மாதிரி வளந்துட்ட, தள்ளி உக்காரு" அதோட முடிஞ்சது, அப்புறம் நேரா கல்யாண மேடைதான். நடுவுல அத்தனை வருஷம் ஒரு தொடுதலும் இல்லாம வளந்தவனுக்கு தொடறதுன்னா ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். அவருக்கே கூட சில நாள் வேண்டியிருக்கறது வெறும் அணைப்பா இருக்கலாம், அதை கேக்க அவருக்கு தெரிஞ்ச ஒரே வழி அதுவா இருக்கலாம். இதெல்லாம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறதுக்கு சாக்கு ஆகாது, அது வேற.

இன்னொரு விஷயம். ஆசை முதல்ல வரும், அப்புறம்தான் மத்ததுன்னு நாம எல்லாரும் நினைச்சுட்டு இருக்கோம். 2000-ல ரோஸ்மேரி பாசன்னு கனடாவுல ஒரு டாக்டரம்மா இதை திருப்பிப் போட்டு ஒரு கட்டுரை எழுதினாங்க. பல பொண்ணுங்களுக்கு, அதுவும் வருஷக்கணக்கா சேர்ந்து வாழறவங்களுக்கு, ஆசை முன்னாடி வந்து நிக்காது, நெருக்கமா இருக்க இருக்க பின்னாடியே வந்து சேரும்னு. அப்படி பாத்தா உனக்கு ஆசை வர்ற பாதையே அந்த சாயறதுதான். பாதைய அடைச்சு வெச்சுட்டு பஸ்ஸு வரலையேன்னு நின்னா எப்படி?

மாஸ்டர்ஸ், ஜான்சன்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் 1970-ல எழுதி வெச்ச ஒரு முறைய இன்னைக்கும் கவுன்சிலிங்ல சொல்லித் தர்றாங்க. கொஞ்ச நாளைக்கு உறவே வேண்டாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வெறும் தொடுதலோட நிறுத்திக்கறது. அப்ப "இது எங்க போய் முடியுமோ"ங்கற கணக்கு உன் மனசுலயும் ஓடாது, "இன்னைக்கு கிடைக்குமா கிடைக்காதா"ங்கற கணக்கு அவரு மனசுலயும் ஓடாது. ஒரு ரெண்டு வாரம் செஞ்சு பாருங்க.

இதை எப்படி சொல்றது? கட்டில்ல சொல்லாத. ராத்திரி பதினோரு மணிக்கு சொல்ற எதுவும் அவரு காதுல "இன்னைக்கு வேண்டாம்"னு தான் விழும். "நீங்க எப்பவுமே அதுக்குத்தான் என்னைய தொடறீங்க"ன்னும் ஆரம்பிக்காத, எப்பவுமேன்னு சொன்ன உடனே மனுஷன் எப்பெப்ப அப்படி இல்லன்னு தேதி வாரியா எடுத்து வைப்பாரு, வீடு கோர்ட்டாயிரும். ஞாயித்துக்கிழமை கறி எடுத்துட்டு வர்றப்ப சொல்லு. வண்டியில ஒரு வசதி, ரெண்டு பேரும் முகத்த பாக்க வேண்டியதில்ல. "மாமா, உங்க மேல சாஞ்சுக்கணும்னு எனக்கு தினமும் தோணுது, ஆனா சாஞ்சா அது வேற மாதிரி ஆயிருமோன்னு தள்ளி தள்ளி உக்கார்றேன், எனக்கு அது கஷ்டமா இருக்கு. சாயறது சாயறதாவே இருக்கட்டும், மத்தது வேணும்னா நானே கேக்கறேன்." இவ்ளோதான். கடைசி வரிய சொன்னா அப்படியே நடந்துக்கணும், ஏன்னா நீ கேக்கவே மாட்டேங்கறதுதான் அவரோட பயம். முடியாத நாள்ல சும்மா திரும்பி படுக்காம "இன்னைக்கு ஆடிட் டென்ஷன், தலை வெடிக்குது, சனிக்கிழமை பாப்போம்"னு சொல்லிப் பாரு, வேண்டாம்னு ஒரு வார்த்தைய விட அதுல அவருக்கு புடிச்சுக்க ஏதோ ஒண்ணு இருக்கு.

சொல்றப்ப அந்த கம்பிய விட்டுட்டு சொல்லு.

கே., பெரும்பாக்கம், சென்னை

எனக்கு 29. ஐடி. நாலு மாச பொண்ணு இருக்கா, மனைவி அம்மா வீட்ல மூணு மாசம் இருந்துட்டு இப்பதான் வந்தாங்க. பக்கத்துல போனாலே விலகறாங்க, ஒரு நாள் "ப்ளீஸ், என்னை யாரும் தொடாதீங்க"ன்னு அழுதுட்டாங்க. நான் அதுக்காக போகவே இல்ல மேடம், சத்தியமா, காபி குடுக்கத்தான் போனேன். இதை கேக்கறதே தப்போன்னு கில்ட்டியா இருக்கு.

கேக்கறது தப்பில்ல தம்பி. கொஞ்சம் உடம்பு கணக்கு சொல்றேன், அது தெரிஞ்சா பாதி வருத்தம் போயிரும். பால் குடுக்கறப்ப புரோலாக்டின்ங்கற ஹார்மோன் ஏறி நிக்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும். அதனால ஆசை குறையும், உள்ள வறட்சியாகும், உறவு வெச்சா எரியும், வலிக்கும். தையல் வேற. பொதுவா டாக்டர்ங்க ஆறு வாரம் கழிச்சு ஒரு செக்கப் பாத்துட்டு ஓகே சொல்லுவாங்க, ஆனா அது உடம்பு ஆறிடுச்சுங்கறதுக்கான ஓகே, மனசுக்கு யாரும் சீல் குத்தி தர்றதில்ல. அதுக்கு மேல காலைல இருந்து ஒரு உசுரு அவங்க மாருலயும் தோள்லயும் ஒட்டிக்கிட்டே இருக்கு, எட்டு தடவையோ பத்து தடவையோ பால், நடுவுல ஏப்பம், நெப்பி, தூளி. ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு கை மேல படுதுன்னா அது உங்க கைங்கறதுக்காக உதறல, அன்னைக்கு இன்னொரு கைய தாங்கற அளவு உடம்புல எதுவும் மிச்சம் இல்ல.

"உனக்கு என்ன வேணும்"னு மொட்டையா கேக்காதீங்க, அதுக்கு யோசிச்சு பதில் சொல்றதே அவங்களுக்கு இன்னொரு வேலை. "நான் பாப்பாவ தூக்கிட்டு மொட்டை மாடிக்கு போறேன், முக்கால் மணி நேரம், நீ குளிக்கறியா தூங்கறியா"ன்னு கேளுங்க. ராத்திரி ரெண்டு மணி பாலுக்கு அப்புறம் ஏப்பம் எடுத்து தூங்க வெக்கறத உங்க டூட்டின்னு எழுதி வெச்சுக்கோங்க. உங்க தேவையையும் முழுங்காதீங்க, ஒரு சாயங்காலம் "எனக்கு நீ ரொம்ப மிஸ் ஆகுற, அவசரம் ஒண்ணும் இல்ல, கைய மட்டும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கட்டுமா"ன்னு சொல்லுங்க. புடிச்சா கைய மட்டும் புடிங்க. மறுபடி நெருங்கற காலம் வர்றப்ப மெடிக்கல்ல தண்ணி பேஸ் ஜெல்லி கிடைக்கும், வெக்கப்படாம வாங்குங்க. பால் குடுக்கறதால கர்ப்பம் தரிக்காதுன்னு யாராச்சும் சொன்னா முழுசா நம்பாதீங்க, பீரியட்ஸ் திரும்ப வர்றதுக்கு முன்னாடியே தரிக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட பேசிடுங்க.

ஒரு கவலை மட்டும் எனக்கு. அந்த அழுகை. பிரசவம் ஆன முதல் ரெண்டு வாரம் வர்ற அழுகை சாதாரணம், தானா போயிரும். நாலாவது மாசத்துலயும் தினமும் அழறாங்க, தூங்கற சான்ஸ் கிடைச்சாலும் தூக்கம் வரல, குழந்தை மேலயே ஒட்டுதல் இல்லங்கறாங்கன்னா அது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷனா இருக்கலாம், மகப்பேறு டாக்டர்கிட்டயே சொன்னா வழி காட்டுவாங்க. 14416, டெலி மானஸ், அரசு ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். உங்க அத்தை "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல"ம்பாங்க. இருந்துச்சு, சொல்ல ஆள் இல்ல.

புதுசா கல்யாணம் ஆனவள், கும்பகோணம் பக்கம்

ரெண்டு ரூம் வீடு. மாமியார், மாமனார், நாத்தனார். எங்க ரூம் கதவு தாழ்ப்பாள் சத்தம் ஹால் வரைக்கும் கேக்கும். பத்து மணிக்கு முன்னாடி கதவ சாத்தவே கூச்சமா இருக்கு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு போனப்ப தான் ஃபோன்ல நிம்மதியா பேசிக்கிட்டோம்!

ஆடி மாசம் பிரிக்கறதுக்குன்னு வெச்ச மாசம், உங்களுக்கு அதுதான் சேர்த்து வெச்சிருக்கு, சிரிச்சுட்டேன்மா. தாழ்ப்பாளுக்கு ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் விடு. மத்ததுக்கு உன் வீட்டுக்காரர்தான் அவங்க அம்மாகிட்ட பேசணும், நீ பேசினா வம்பு. வாரத்துல ஒரு சாயங்காலம் நாங்க வெளிய போறோம்னு அவரு சொல்லட்டும், காரணம் சொல்ல வேண்டாம், மகாமகக் குளத்த சுத்தி நடந்துட்டு ஒரு டிகிரி காபி குடிச்சுட்டு வாங்க. ஃபோன்ல என்ன பேசிக்கிட்டீங்களோ அதையே நேர்ல பேசுங்க, வாய் வரலைன்னா பக்கத்து சேர்ல உக்காந்துக்கிட்டே வாட்ஸ்அப் பண்ணு, தப்பே இல்ல.

பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்

அக்கா, எங்க வீட்டுக்காரர் சார்ஜாவுல இருக்காரு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு, 45 நாள். போட்டிம் (BOTIM) ஆப்ல தினமும் பேசுவோம், நல்லா பேசுவாரு. ஆனா ஏர்போர்ட்ல இருந்து வந்து இறங்குன முதல் ஒரு வாரம் எனக்கு அவரு வேத்து ஆளு மாதிரி இருக்கு. அவரு ரெண்டு வருஷ ஆசையோட வர்றாரு, எனக்கு உடனே முடியல. சொன்னா "அங்க நான் யாருக்காக கஷ்டப்படறேன்"ங்கறாரு. பழகி சரியாகறப்ப பொட்டி கட்டுறாரு.

வேத்து ஆளு மாதிரி இருக்கறது உன் குத்தம் இல்ல, அவரு குத்தமும் இல்ல. நீ ரெண்டு வருஷமா பழகினது ஒரு ஸ்க்ரீனோட. வேர்வ வாசம், படுக்கறப்ப எந்தப் பக்கம் திரும்பறாரு, குறட்ட, இது எதுவும் ஃபோன்ல வராது. அவருக்கும் அதேதான், எட்டு பேர் ரூம்ல பங்க் கட்டில்ல படுத்தே பழகின ஆளு, அவரு மனசுல இருக்கற நீ ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வழியனுப்பின நீ.

அவரு சொல்ற அந்த வரி இருக்கே, "யாருக்காக கஷ்டப்படறேன்", அது உண்மையான வலி, ஆனா அதை கடன் சீட்டு மாதிரி நீட்டுனா நெருக்கம் வட்டி கட்டற மாதிரி ஆயிரும். இதை அவரு இங்க வந்த அப்புறம் பேசாத, வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஃபோன்ல பேசு. "நீங்க வர்றத நினைச்சா சந்தோஷமா இருக்கு, போன தடவ முதல் வாரம் நான் தடுமாறினேன், இந்த தடவ முதல் ரெண்டு மூணு நாள் சும்மா கிட்டக்க இருப்போம், பேசிக்கிட்டு படுத்துப்போம், எனக்கு பழகிரும்." அப்படியே அவருக்கு என்ன வேணும்னு கேளு. நீ நினைக்கற பதில் மட்டும்தான் வரும்னு நினைக்காத, "யாராச்சும் என் தலைக்கு எண்ணெ தேச்சு விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னு கூட வரலாம். தேச்சு விடு, அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு, வந்த மூணாம் நாளே சொந்தக்காரங்க வீட்டு விருந்துன்னு 45 நாள்ல இருபது நாள் ஓடிரும். அதுல பாதிய வெட்டுங்க. கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்கட்டும், பெர்ஃப்யூம் குடுத்தா சரியாயிருவாங்க.

52 வயது வாசகர், மதுரை

மேடம், பதினொரு வருஷமா சுகர். ஒரு வருஷமா என்னால முடியவில்லை. மனைவியிடம் சொல்ல கூச்சப்பட்டு ஹாலில் டிவி முன்னால் படுத்துக்கொள்கிறேன். அவள் எனக்கு வேறு தொடர்பு இருக்கிறதோ என்று என் மச்சினனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். கடையில் மாத்திரை கிடைக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?

அண்ணே, கடையில வாங்காதீங்க. முதல்ல இதுதான். சுகர் ரொம்ப நாள் இருந்தா ரத்தக் குழாயும் நரம்பும் பழுதாகும், விறைப்பு வர அந்த ரெண்டும் வேணும். அந்த இடத்து குழாய் இருதயத்து குழாய விட சின்னது, அதனால அடைப்பு ஆரம்பிச்சா சில சமயம் அங்கதான் முதல்ல தெரியும். இது இருதயத்துக்கான முன்னெச்சரிக்கையா கூட இருக்கலாம், அதனால உங்க சுகர் டாக்டர்கிட்டயே சொல்லுங்க. மூணு மாச சராசரி சுகர், கொழுப்பு, தேவைப்பட்டா இருதயம் எல்லாம் பாத்துட்டு அவரே மருந்து எழுதுவாரு, இல்லைன்னா யூராலஜி டாக்டர்கிட்ட அனுப்புவாரு. நீங்க சாப்பிடற பிரஷர் மாத்திரை கூட காரணமா இருக்கலாம், நீங்களா நிறுத்தாதீங்க. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற நைட்ரேட் மாத்திரை எடுக்கறவங்க விறைப்பு மாத்திரையும் போட்டா பிரஷர் சட்டுனு விழுந்து உசுருக்கே ஆபத்தாகும், கடைக்காரர் இதெல்லாம் கேட்டுட்டா குடுப்பாரு?

டாக்டருக்கு முன்னாடி அண்ணிகிட்ட சொல்லுங்க. இன்னைக்கே. நீங்க கூச்சம்னு ஹாலுக்கு போனீங்க, அவங்க அதை "நான் வேண்டாம்"னு படிச்சுட்டாங்க, மச்சினன் வரைக்கும் போயிருச்சு. சொல்றது மூணு வரி, "எனக்கு சுகரால இந்த பிரச்சினை. உன் மேல ஆசை குறையல. கூச்சத்துல தள்ளி படுத்தேன், தப்பு." அவங்களுக்கும் நாப்பத்தஞ்சு தாண்டியிருந்தா மாதவிடாய் நிக்கற காலம், வறட்சி, வலி, திடீர்னு உடம்பு கொதிக்கறது எல்லாம் இருக்கலாம், அவங்களும் சொல்லாம வெச்சிருக்கலாம். கேளுங்க. மருந்து வேலை செய்யறதுக்கு நாளாகும், ஹால்ல இருந்து ரூமுக்கு தலகாணிய எடுத்துட்டு போறதுக்கு எந்த டாக்டரும் வேண்டாம்.

பெயர், ஊர் வேண்டாம்

வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டார். கைய முறுக்குவார். எந்த மாதிரி சொன்னா புரிஞ்சுப்பார்?

நீ சொல்ற விதத்துல எந்த குறையும் இல்லம்மா. மேல இருக்கறவங்களுக்கு சொன்ன எதையும் நீ செஞ்சு பாக்காத, அதெல்லாம் வேண்டாம்னா நிறுத்தற ஆளுங்களுக்கு. கல்யாண உறவுக்குள்ள பாலியல் ரீதியா கொடுமை பண்றதும் குடும்ப வன்முறைன்னு 2005 சட்டத்துலயே இருக்கு. பொண்ணுங்களுக்கான ஹெல்ப்லைன் 181-க்கு ஃபோன் போடு, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க. மாவட்ட சமூக நல அலுவலகத்துல கேட்டா பாதுகாப்பு அலுவலர் யாருன்னு சொல்லுவாங்க, வக்கீல் வெச்சுக்கிட்டுதான் போகணும்னு இல்ல. கையில காயம் இருந்தா அரசு ஆஸ்பத்திரியில காட்டி எப்படி ஆச்சுன்னு உள்ளத சொல்லி சீட்டுல எழுத வை. நம்புற ஒரே ஒரு ஆள்கிட்டயாவது இன்னைக்கு சொல்லு. எனக்கும் மறுபடி எழுது, அவரு கண்ணுல படாத ஃபோன்ல இருந்து.

61 வயது வாசகி, மயிலாப்பூர்

எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனதுல இருந்து பிரதோஷத்துக்கு ரெண்டு பேரும் கோயிலுக்கு போறோம். பிராகாரம் சுத்தறப்ப கூட்டத்துல என் கைய புடிச்சுக்கறார். நாப்பது வருஷத்துல புடிச்சதில்ல. மருமகள் பாத்துட்டு சிரிக்கறா. எனக்கு புடிச்சிருக்கு, ஆனா கூட்டம் இல்லாத இடத்துல விட்டுடறார். விடாதீங்கோன்னு சொல்லலாமா, இந்த வயசுல?

மருமக சிரிக்கட்டும் மாமி, அவ ஆத்துக்காரர் புடிக்கறாரான்னு தெரியல. அவரு விட்டா நீங்க புடிங்கோ.